அறுபது வெற்றி: அந்தக் கை யாருக்குச் சொந்தம்?



அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்றொரு சின்னஞ்சிறு மாநிலம். அதன் தலைநகர் பிராவிடன்ஸ். அந்த ஊரின் பேஸ்பால் அணிக்கு ‘கிரேஸ்’ என்று பெயர். 1884-ஆம் ஆண்டு நேஷனல் லீக் போட்டியில் 84 ஆட்டங்களை வென்று கிரேஸ் அணி முதலிடம் பிடித்தது. அந்த 84 வெற்றிகளில் 60 வெற்றிகள் ஒரே மனிதரின் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் சார்லஸ் ராட்பர்ன். ரசிகர்கள் ‘ஓல்டு ஹாஸ்’ என்று அழைத்த பிட்சர், அதாவது பந்து எறிபவர். இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் ஊரில் வளர்ந்தவர், கசாப்புக் கடையில் வேலை பார்த்தவர். அந்த சீசனில் அவருக்கு வயது 29.

60 என்பதைச் சிலர் 59 என்பார்கள். அந்த ஒற்றை ஆட்டத்தின் வழக்குக்குப் பிறகு வருகிறேன். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அருகில் வர இன்று ஆளில்லை. 2011-இல் டெட்ராய்ட் அணியின் ஜஸ்டின் வெர்லாண்டர் 24 ஆட்டங்களை வென்றார். அதன் பிறகு இன்றுவரை எவரும் அந்த 24-ஐக்கூட எட்டவில்லை.

ஒரு சீசனில் அதிக வெற்றி பெற்ற பிட்சர்களின் பட்டியலைப் பெரும்பாலும் திறமையின் பட்டியலாகவே வாசிக்கிறார்கள். நான் அதை உழைப்பின் பட்டியலாக வாசிக்கிறேன். ஒரு மனிதனின் கையிலிருந்து எவ்வளவு வேலையை வாங்க முடிந்தது, அப்படி வாங்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதன் வரலாறு அந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் கணக்கில் விக்கெட் சேரும், வெற்றி அணிக்குத்தான். பேஸ்பாலில் ஒவ்வோர் ஆட்டத்தின் வெற்றியும் வென்ற அணியின் ஒரு பிட்சர் கணக்கில் ஏறும். தோல்வியும் அப்படியே, தோற்ற அணியின் ஒரு பிட்சர் தலையில். ஒன்பது பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் இப்படி எழுதுவது நமக்கு அநியாயமாகத் தோன்றும். ஆனால் அது பிறந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. 1870-களில் அணிக்கு ஒரு முதன்மைப் பிட்சர்தான். ஆட்டத்தைத் தொடங்குபவரே முடிப்பார். அவருக்குப் பதில் வெளியிலிருந்து புதிய ஆளை இறக்க விதி இடம் தராது. களத்தில் வேறு இடத்தில் நிற்பவரோடு இடம் மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அடுத்த நாள் ஆட்டத்திலும் அதே ஆள். எனவே அணியின் கணக்கும் அவர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

பாஸ்டன் அணியின் ஆல்பர்ட் ஸ்பால்டிங்கைப் பாருங்கள். 1875-இல் அந்த அணி வென்றது 71 ஆட்டம். ஸ்பால்டிங் கணக்கில் 54. அது நேஷனல் லீக் தோன்றுவதற்கு முந்தைய ஆண்டு என்பதால் பல பட்டியல்களில் இந்த 54 இடம்பெறாது. 1879-இல் ஜான் மாண்ட்கோமரி வார்ட், அதே பிராவிடன்ஸ் அணிக்காக 47 வெற்றி. அப்போது அவருக்கு வயது 19. 1884-இல் லூயிவில் அணியின் கய் ஹெக்கர் 52. 1885-இல் சிகாகோ அணியின் ஜான் கிளார்க்சன் 53. பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் எல்லோரும் சில ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

ஆட்ட விதிகளும் அதற்கு இடம் கொடுத்தன. இன்று பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். 1880 வரை அது 45 அடி. 1881 முதல் 1892 வரை 50 அடி. மட்டையாளர் ‘மேலே போடு’, ‘கீழே போடு’ என்று கேட்டுப் பெறும் உரிமை 1886 வரை இருந்தது. தோளுக்கு மேலே கை ஓங்கி வீச நேஷனல் லீக் அனுமதி கொடுத்ததே 1884-இல்தான். அதற்கு முன் கையைத் தாழ்த்தி வீச வேண்டும். தாழ்ந்த வீச்சு தோளை ஓரளவு காப்பாற்றும் என்பதும் ஒருவர் ஒரு சீசனில் 600 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) வீச முடிந்ததற்கு ஒரு காரணம். இவற்றையெல்லாம் ஆட்ட நுணுக்கம் அறிந்தவர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் சேர்த்துப் பேசாத இன்னொரு விதி இருந்தது. அது மைதானத்துக்கு வெளியே இருந்த விதி.

1879 செப்டம்பரில் நேஷனல் லீக் அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். அந்த ஐவரை வேறெந்த அணியும் வேலைக்கு எடுக்கக் கூடாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே முதலாளியிடம்தான் ஆட வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தையே விட வேண்டும். ஐந்து என்று தொடங்கியது சில ஆண்டுகளில் 11 ஆனது. பிறகு அணி முழுவதையும் விழுங்கியது. ‘ரிசர்வ்’ விதி என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு 1975 வரை உயிரோடு இருந்தது. முதலாளிக்கு அந்தப் பிட்சர் வேண்டும். பிட்சருக்கோ வேறு போக்கிடம் இல்லை. அந்தக் கை எத்தனை நாள் தாங்கும் என்று கவலைப்பட வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1884 கோடைக்காலத்துக்கு வாருங்கள்.

பிராவிடன்ஸ் அணியில் அப்போது இரண்டு முதன்மைப் பிட்சர்கள். ஒருவர் ராட்பர்ன், முந்தைய ஆண்டே 48 வெற்றி கண்டவர். மற்றவர் சார்லி ஸ்வீனி, இளைஞர், கடும் வேகம். ஜூன் 7-ஆம் தேதி பாஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்வீனி 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அந்த எண்ணைக் கடக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1986-இல் ரோஜர் கிளெமென்ஸ் 20 பேரை வீழ்த்தினார். ஸ்வீனி புகழ் வளர வளர ராட்பர்ன் முகம் கறுத்தது. இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஜூலை நடுவில் பாஸ்டனோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் ராட்பர்ன் கோபத்தில் நிதானமிழந்து தாறுமாறாகப் பந்தை எறிந்தார், ஆட்டம் கைவிட்டுப் போனது. நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 22, பிலடெல்பியாவோடு ஆட்டம். ஸ்வீனி பிட்சர். பிராவிடன்ஸ் முன்னிலையில் இருந்தது. மானேஜர் பிராங்க் பேன்கிராஃப்ட், ஸ்வீனியை வலப்புற அவுட்ஃபீல்டுக்குப் போகச் சொல்லி, அங்கே நின்ற ‘சைக்ளோன்’ மில்லரைப் பந்து எறிய அழைத்தார். குடித்திருந்த ஸ்வீனி மறுத்தார். வாய்ச்சண்டை போட்டுவிட்டு மைதானத்தை விட்டே வெளியேறினார். மாற்று ஆளை இறக்க விதி இடம் கொடுக்கவில்லை. மீதி ஆட்டத்தை எட்டுப் பேரோடு ஆடி பிராவிடன்ஸ் தோற்றது. ஸ்வீனி அணியிலிருந்து நீக்கப்பட்டு, போட்டி லீக்கான யூனியன் அசோசியேஷனின் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒரு பிட்சர் இடைநீக்கத்தில், இன்னொருவர் ஓட்டம். அணியையே கலைத்துவிடலாமா என்று இயக்குநர்கள் யோசித்தார்கள். அந்த நேரத்தில்தான் ராட்பர்ன் தன் நிபந்தனையை வைத்தார். மீதி சீசன் முழுவதும் நானே பந்து எறிகிறேன், சம்பளத்தைக் கூட்டுங்கள், சீசன் முடிந்ததும் ‘ரிசர்வ்’ பட்டியலிலிருந்து என்னை விடுவித்துவிடுங்கள். அதாவது, அடுத்த ஆண்டு நான் யாரிடம் ஆடுவது என்பதை நானே முடிவுசெய்வேன். இயக்குநர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நண்பர்களே, பேஸ்பால் வரலாற்றின் மிகப் பெரிய வெற்றிக் கணக்கு இப்படித்தான் உருவானது. அதன் அடியில் ஒரு கூலி ஒப்பந்தம் இருக்கிறது. தன் கையைத் தானே திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு தொழிலாளி கொடுத்த விலைதான் அந்த 1884-ஆம் ஆண்டின் ஆகஸ்டும் செப்டம்பரும்.

அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பதற்கு அவரோடு இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன செய்தி ஒன்று உண்டு. காலையில் எழுந்தால் தலைவாரக் கையைத் தூக்க முடியாதாம். மற்றவர்களுக்கு முன்பே மைதானத்துக்குப் போய்விடுவார். முதலில் சில அடி தூரத்துக்கு மட்டும் பந்தைத் தட்டி விடுவார். தோள் இளக இளகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்வார். கடைசியில் அவுட்ஃபீல்டிலிருந்து ஹோம் பிளேட் வரைக்கும் எறிவார். சக ஆட்டக்காரர்கள் தங்கள் பயிற்சியை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நெடுந்தூர எறிதல் வந்துவிட்டால் அன்றைக்குக் கவலையில்லை. பிறகு அவர் போய் ஒன்பது இன்னிங்ஸ் வீசுவார். கையுறை கிடையாது, வேகமாகத் திரும்பி வரும் பந்தையும் வெறுங்கையால்தான் தடுக்க வேண்டும். ஆகஸ்ட் 7 முதல் செப்டம்பர் 6 வரை அவர் இறங்கிய 18 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றார்.

சீசன் முடிவில் கணக்கு இது: 73 ஆட்டங்களைத் தொடங்கினார், 73-ஐயும் தானே முடித்தார். 678 இன்னிங்ஸுக்கு மேல். 441 ஸ்ட்ரைக்-அவுட். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக, ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, விட்டுக்கொடுத்த ரன் 1.38. அதோடும் விடவில்லை. அக்டோபரில் மற்றொரு லீக்கின் வெற்றியாளரான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸ் அணியோடு மூன்று ஆட்டத் தொடர். 23, 24, 25 என அடுத்தடுத்த மூன்று நாள், மூன்றிலும் ராட்பர்ன்தான் பிட்சர், மூன்றிலும் வெற்றி. இந்த மூன்றும் அந்த 60-இல் சேராது.

சொன்ன வாக்கை நிர்வாகம் காப்பாற்றியது. விடுதலை கையில் கிடைத்தும் ராட்பர்ன் 1885-இலும் அதே அணியில்தான் ஆடினார். சிலர் இதைச் சொல்லி, அப்படியானால் அவ்வளவு பாடுபட்டதற்கு என்ன பொருள் என்று கேட்கிறார்கள். எனக்கு அதில் குழப்பமே இல்லை. இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் இருப்பதும், போகலாம் என்ற உரிமையோடு இருப்பதும் ஒன்றாகுமா?

இப்போது அந்த 59-60 வழக்கு. 1884 ஜூலை 28, மீண்டும் பிலடெல்பியாவோடு ஆட்டம். அன்று தொடங்கியவர் மில்லர். ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது பிராவிடன்ஸ் 7-4 என்று முன்னிலை. அதன் பிறகு ராட்பர்ன் வந்து பந்து எறிந்தார். எதிரணியை மேற்கொண்டு ஒரு ரன்கூட எடுக்க விடவில்லை. ஆட்டம் 11-4 என்று முடிந்தது. இன்றைய விதிப்படி, ஐந்து இன்னிங்ஸ் முடித்து முன்னிலையோடு வெளியேறும் தொடக்கப் பிட்சருக்கே, அந்த முன்னிலை நிலைத்தால், வெற்றி. ஆகவே அது மில்லருடையது. ஆனால் அந்த விதி எழுத்தில் வந்தது 1950-இல். 1884-இல் கணக்கெழுதியவர் யார் சிறப்பாக வீசினார் என்று பார்த்து ராட்பர்னுக்குக் கொடுத்தார். அன்றைய தீர்ப்பை ஏற்றால் 60, இன்றைய விதியை அன்றைக்கும் பூட்டினால் 59.

நான் 60 என்றே எழுதுவேன். ஒரு காலத்தின் வேலையை அந்தக் காலத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும். ஜப்பானிலும் இதே வழக்கு நடந்து இதே தீர்ப்புக்குத்தான் வந்தது. ரஷ்யாவில் பிறந்து, குடும்பத்தோடு தப்பி ஹொக்கைடோவில் வளர்ந்தவர் விக்டர் ஸ்டார்ஃபின். 1939-இல் டோக்கியோ ஜயன்ட்ஸ் அணிக்காக 42 வெற்றி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய ஏடுகளைத் திருத்தியவர்கள் இரண்டைக் கழித்து 40 ஆக்கினார்கள். 1961-இல் நிஷிடெட்சு லயன்ஸ் அணியின் கசுஹிசா இனாவோ 42 வென்றபோது, அது புதிய சாதனையா பழைய சாதனைக்குச் சமமா என்ற கேள்வி எழுந்தது. ஆட்டம் நடந்த நாளில் எழுதப்பட்ட கணக்கே செல்லும் என்று முடிவாகி, இருவரும் இன்று 42-இல் சமமாக நிற்கிறார்கள். அந்த ஆண்டு இனாவோ 78 ஆட்டங்களில் இறங்கி 404 இன்னிங்ஸ் வீசினார். மூன்று ஆண்டு கழித்து, 1964-இல், தோள் பழுதாகி அவர் கணக்கில் ஒரு வெற்றிகூட இல்லை.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். நான் முன்னே சொன்ன பெயர்களை நினைவில் வைத்திருப்பீர்கள்: ஸ்பால்டிங் 54, வார்ட் 47, ராட்பர்ன் 60, கிளார்க்சன் 53. இந்த நால்வரும் 1890-இல் ஒரே சண்டையில் சந்திக்கிறார்கள். பேஸ்பால் எழுத்தில் இதை இன்னும் பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

வார்டுக்கு இளவயதிலேயே கை கெட்டது. 1879-இல் 580 இன்னிங்ஸுக்கு மேல், அடுத்த ஆண்டும் ஏறக்குறைய அதே சுமை. சில ஆண்டுகளில் பந்து எறியவே முடியாமல் போய், ஷார்ட்-ஸ்டாப் இடத்துக்கு மாறினார். ஆடிக்கொண்டே கொலம்பியா கல்லூரியில் சட்டம் படித்தார். 1885-இல் ஆட்டக்காரர்களின் முதல் தொழிற்சங்கத்தை உருவாக்கினார். 1887-இல் ஒரு மாத இதழில், பேஸ்பால் ஆட்டக்காரன் ஒரு தட்டுமுட்டுச் சாமானா என்று கேட்கும் தலைப்போடு ‘ரிசர்வ்’ விதியைப் பிளந்து காட்டிக் கட்டுரை எழுதினார். 1890-இல் ஆட்டக்காரர்களே நடத்தும் ‘பிளேயர்ஸ் லீக்’ அவர் தலைமையில் பிறந்தது. ராட்பர்ன் அதில் சேர்ந்தார். 35 வயதில், தேய்ந்த கையோடு, அந்த லீக்கின் பாஸ்டன் அணிக்காக 27 வெற்றி கொடுத்தார். அந்த அணியே முதலிடம் பெற்றது.

எதிர்ப்பக்கத்தில் முதலாளிகளின் படைத்தலைவர் யார்? ஸ்பால்டிங். பந்தை எறிந்து பெயர் வாங்கியவர், பந்தை விற்றுப் பணக்காரராகி, சிகாகோ அணியின் தலைவராகவும் ஆகியிருந்தார். அவர் பெயரில் உள்ள விளையாட்டுப் பொருள் நிறுவனம் இன்றும் இருக்கிறது. அவர்தான் 1888-இல் கிளார்க்சனைப் பாஸ்டனுக்கு 10,000 டாலருக்கு விற்றார். அந்தப் பணம் அணிக்குப் போனது. விற்கப்பட்ட கிளார்க்சன் அடுத்த ஆண்டு 620 இன்னிங்ஸ் வீசி 49 வெற்றி கொடுத்தார். ஆனால் 1890 சண்டையில் அவர் சங்கத்தோடு சேராமல் பழைய லீக்கோடு நின்றுவிட்டார். தோழர்கள் அதை மன்னிக்கவில்லை. பிளேயர்ஸ் லீக் ஒரே சீசனில் மடிந்தது. அதற்குப் பணம் போட்டவர்களுடைய நடுக்கத்தை ஸ்பால்டிங் சரியாகக் கணித்துப் பேரம் பேசிவிட்டார். ராட்பர்ன் 1891-இல் சின்சினாட்டியில் கடைசியாக ஆடிவிட்டு ஊர் திரும்பினார். வேட்டையின்போது நடந்த விபத்தில் ஒரு கண் போயிற்று. 1897-இல், 42 வயதில், இறந்தார். பேஸ்பாலின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ அவர் பெயரைச் சேர்த்தது 1939-இல்.

1893-இல் தூரம் 60 அடி 6 அங்குலமாயிற்று. அதன் பிறகு 50 தாண்டிய எண்களுக்கு இடமே இல்லை. ஆனால் கையைப் பிழிவது முடியவில்லை. 1904-இல் நியூயார்க் ஹைலண்டர்ஸ் அணியின் ஜாக் செஸ்ப்ரோ 41 வெற்றி பெற்றார். 1900-க்குப் பிறகு இதுதான் உச்சம். பந்தில் எச்சில் தடவி எறியும் வித்தை அவருடைய ஆயுதம். அப்போது அதற்குத் தடையில்லை. 454 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர், சீசனின் கடைசி நாளான அக்டோபர் 10 அன்று, பாஸ்டனுக்கு எதிராக ஒன்பதாவது இன்னிங்ஸில் ஒரு பந்தைத் தவறவிட்டார். அது கேட்சரின் தலைக்கு மேல் போனது, மூன்றாம் பேஸில் நின்ற லூ கிரிகர் ஓடி வந்துவிட்டார், சாம்பியன் பட்டம் பாஸ்டனுக்குப் போனது. 41 ஆட்டங்களை வென்று கொடுத்தவரிடம் வாழ்நாள் முழுவதும் எல்லோரும் கேட்டது அந்த ஒரு பந்தைப் பற்றித்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

1908-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியின் எட் வால்ஷ் 464 இன்னிங்ஸ், 40 வெற்றி. அந்த ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி அவர் 15 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். எதிரணி எடுத்தது ஒரே ரன். ஆனாலும் தோல்வி அவர் கணக்கில் விழுந்தது. ஏனென்றால் அன்று கிளீவ்லண்டின் ஆடி ஜாஸ், எதிரணியின் ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு வரவிடாத முழுமை ஆட்டம் ஆடினார். வெற்றிக் கணக்கின் குறைபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு ஆட்டம் தேவையில்லை. வால்ஷின் கை 1912-க்குப் பிறகு எழவில்லை. அதே 1912-இல் பாஸ்டனின் ஜோ வுட் 22 வயதில் 34 வெற்றி, 5 தோல்வி என்ற கணக்கு வைத்திருந்தார். அடுத்த ஆண்டு கட்டைவிரல் முறிந்தது, தோள் வலி தொடங்கியது. பின்னர் அவர் அவுட்ஃபீல்டராக மாறி ஆடிப் பிழைத்துக்கொண்டார்.

1920 முதல் எச்சில் பந்து தடைசெய்யப்பட்டது, மட்டையாளர்களின் காலம் தொடங்கியது. 30 வெற்றி என்பதே அரிதாயிற்று. 1931-இல் லெஃப்டி குரோவ் 31, 1934-இல் டிஸி டீன் 30. பிறகு 34 ஆண்டு இடைவெளி விட்டு, 1968-இல் டெட்ராய்டின் டெனி மெக்லைன் 31-6. அவர் 30-ஆவது வெற்றி பெற்ற செப்டம்பர் 14 அன்று டிஸி டீனே மைதானத்தில் இருந்து பார்த்தார். பிட்சர்கள் கை ஓங்கிவிட்டது என்று அடுத்த ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10-ஆகக் குறைத்தார்கள். வலியை ஊசி போட்டு அடக்கி ஆடிய மெக்லைன், 28 வயதிலேயே பெரிய லீக்கை விட்டு வெளியேறினார். சூதாட்ட விவகாரத்தில் 1970-இல் இடைநீக்கம் பெற்றதும் அந்தச் சரிவில் ஒரு பங்கு, அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அந்தப் பத்தாண்டில் என்னை மிகவும் தொட்டது சாண்டி கோஃபாக்ஸின் கதை. லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர். 1966 வசந்தத்தில் அவரும் சக பிட்சர் டான் டிரைஸ்டேலும் சேர்ந்து ஒரு முடிவெடுத்தார்கள்: தனித்தனியாகக் கையெழுத்துப் போட மாட்டோம், இருவருக்கும் சேர்த்துப் பேசுங்கள். பயிற்சி முகாமுக்கே போகவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் சமரசம் வந்தது. கோஃபாக்ஸுக்கு 1,25,000 டாலர், டிரைஸ்டேலுக்கு 1,10,000. கேட்டதைவிடக் குறைவு, முதலில் தருவதாகச் சொன்னதைவிட அதிகம். அந்த சீசனில் கோஃபாக்ஸ் 323 இன்னிங்ஸ் வீசி 27 வெற்றி பெற்றார். இடது முழங்கை மூட்டுவாதத்தால் வீங்கியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் முழங்கையை ஐஸ் தண்ணீரில் அமிழ்த்திக்கொண்டு உட்காருவார். ஊசியும் மாத்திரையும் தனி. நவம்பரில், 30 வயதில், ஓய்வை அறிவித்தார். எஞ்சிய வாழ்நாளுக்கு அந்தக் கையை வளையும் நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம்.

‘ரிசர்வ்’ விதி உடைந்ததும் பிட்சர்களின் பெயரால்தான். 1974-இல் ஓக்லண்டின் ‘கேட்ஃபிஷ்’ ஹண்டர் 25 வெற்றி பெற்றார். ஒப்பந்தப்படி கட்ட வேண்டிய தொகையை உரிமையாளர் கட்டாததால், தொழில் தகராறு நடுவர் பீட்டர் சைட்ஸ் அவரை விடுவித்தார். அடுத்த ஆண்டு டாட்ஜர்ஸ் பிட்சர் ஆன்டி மெஸ்ஸர்ஸ்மித் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே முழு சீசனும் ஆடி 19 வெற்றி பெற்றார். அவரோடு மாண்ட்ரியால் அணியின் டேவ் மெக்நாலியும் வழக்கில் நின்றார். 1975 டிசம்பர் 23 அன்று அதே சைட்ஸ், அவ்விருவரும் இனி எந்த அணிக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று தீர்ப்பளித்தார். ராட்பர்ன் ஒரு சீசன் முழுக்கக் கையைக் கொடுத்து வாங்கிய உரிமை, 91 ஆண்டு கழித்து எல்லோருக்கும் கிடைக்க வழி பிறந்தது.

அதன் பின் என்ன நடந்தது? 25 வெற்றி கண்ட கடைசிப் பிட்சர் ஓக்லண்டின் பாப் வெல்ச், 27 வெற்றி, 1990. அணிக்கு ஐந்து தொடக்கப் பிட்சர்கள் முறைவைத்து வரும் வழக்கம், ஆட்டத்தின் பின்பகுதிக்கென்றே தனி ஆட்கள், ஒரே பிட்சரை மூன்றாம் முறை பார்க்கும் மட்டையாளர் அவரை எளிதாக அடித்துவிடுகிறார் என்ற கண்டுபிடிப்பு, எறிந்த பந்துகளை எண்ணி நிறுத்துவது, எல்லாம் காரணம். இவற்றோடு நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். கைக்கு விலை வந்தது. பல ஆண்டுக்குப் பல கோடி டாலர் என்று எழுதிக் கொடுத்த அணி, அந்தக் கை உடைந்தாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும். எனவே அதைக் காப்பது முதலாளியின் கவலையும் ஆயிற்று. இது உடனே நடந்துவிடவில்லை. ஹண்டரை விலை கொடுத்து வாங்கிய யாங்கீஸ் அணி 1975-இல் அவரை 328 இன்னிங்ஸ் வீச வைத்தது. 33 வயதில் அவர் ஓய்வு பெற்றார்.

வெற்றி எண்ணிக்கையின் மதிப்பும் சரிந்தது. 1972-இலேயே ஸ்டீவ் கார்ல்டன் அதன் விந்தையைக் காட்டியிருந்தார்: பிலடெல்பியா அணி அந்த ஆண்டு வென்றதே 59 ஆட்டம், அதில் அவர் மட்டும் 27. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2010-இல் ஃபெலிக்ஸ் ஹெர்னான்டஸ் 13 வெற்றியோடு பெற்றார். 2018-இல் ஜேக்கப் டிகிராம் 10-9 கணக்கோடு பெற்றார். பிழையால் வந்தவை நீங்கலாக அவர் விட்டுக்கொடுத்த சராசரி 1.70 ரன்தான், அவர் அணிதான் ரன் எடுக்கவில்லை. 2025-இல் பிட்ஸ்பர்கின் பால் ஸ்கீன்ஸ் 10 வெற்றி, 10 தோல்வி. விருது ஒருமனதாக அவருக்கே. பத்துத் தோல்வியைத் தலையில் சுமந்தவருக்கே அந்த விருது என்றால், நீதி கொஞ்சம் தாமதமாகவாவது வந்திருக்கிறது என்று மகிழ்கிறேன்.

ஆனால் கைகள் பிழைத்துவிட்டனவா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் கிழிந்த இணைப்பு நாருக்குப் பதிலாக மணிக்கட்டுப் பக்கத் தசைநாரை எடுத்துப் பொருத்தினார். அந்தக் கையால் டாமி ஜான் மேலும் 164 ஆட்டங்களை வென்றார். அன்று அதிசயமாக இருந்த அந்த அறுவை சிகிச்சை இன்று பள்ளிச் சிறுவர்களுக்கும் நடக்கிறது. ராட்பர்னின் இன்னிங்ஸில் மூன்றில் ஒரு பங்குகூட வீசாத இளைஞர்கள் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 2024 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் தானே வெளியிட்ட ஆய்வறிக்கை, வேகத்தைத் துரத்துவதையும் ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதையும் முக்கியக் காரணங்களாகக் கூறியது. குறைவாக எறி, ஆனால் எறிவதையெல்லாம் உச்ச வேகத்தில் எறி என்பதே இன்று அவர்களிடம் கேட்கப்படும் வேலை. ராட்பர்னிடம் அளவைக் கேட்டார்கள், இவர்களிடம் வேகத்தைக் கேட்கிறார்கள். தன் நிபந்தனையைச் சொல்ல ராட்பர்னுக்கு வயது 29 ஆகியிருந்தது. 15 வயதில் மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப் பழக்கப்படும் சிறுவன் தன் நிபந்தனையை யாரிடம் சொல்வான் என்ற கேள்விக்கு லீக்கும் பதில் சொல்லவில்லை, ஆட்டக்காரர் சங்கமும் சொல்லவில்லை.